நாலாம் நம்பர் படுக்கை

“நாலாம் நம்பர்ல இருந்தவங்க காலையிலேயே தவறிட்டாங்களாம். உங்க ஆப்ல மட்டும் இன்னும் ஆள் இருக்குன்னு காட்டுது. என்ன சார் நடக்குது?”

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்தாள் அட்மிஷன் அக்கா. அந்த ஆஸ்பத்திரியில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். லீவு முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் வராததுமாக இந்தத் தலைவலி.

கம்ப்யூட்டர் சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க அக்கா.”

முகத்தில் பல நாள் தாடி. சட்டை கசங்கிக் கிடந்தது. வேலை வேலையென்று இங்கேயே விழுந்து கிடந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

“பொறுக்கிற நேரமா இது? கீழே ஒரு பொண்ணு ஸ்ட்ரெச்சர்ல மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடக்கு. அவங்க அப்பா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழறார். ஐ.சி.யூ.ல பெட் இருக்கு, ஆனா ஆப் விடமாட்டேங்குதுன்னு எந்த வாயால சொல்றது?”

ஆப் அவர் செய்ததுதான். நிரல் என்று பெரிதாக எதுவும் எழுதவில்லை. திரையில் கட்டங்களை இழுத்துப்போட்டு, கோடு போட்டு இணைத்தே செய்துவிட்டார். நர்ஸ் காரணத்தைக் குறித்து, ‘காலி’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும். நோயாளியின் பெயர் நீங்கும், துப்புரவுப் பிரிவுக்குச் செய்தி போகும், சமையலறையில் சாப்பாடு நிற்கும், வீட்டாருக்கும் தகவல் போகும். முன்பெல்லாம் போன் மேல் போன் போட்டு நடந்த வேலை. அக்காவே அவரை வாயாரப் புகழ்ந்திருக்கிறாள்.

“நர்ஸ் அப்பவே தட்டிட்டாங்களாமே? எங்க மாட்டிக்கிச்சு?”

“மாட்டல அக்கா. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “விளையாடுறீங்களா? ஒரு உயிர் சார் அது!”

“விட்டா அந்தப் பேர் போயிடும்.”

“போகத்தானே வேணும்? போனவங்க பேரைக் கட்டிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? இருக்கிறவளையாவது பிழைக்க விடுங்க!”

முதல் தடவையாக அவர் நிமிர்ந்து பார்த்தார். “சின்னப் பொண்ணா?”

“பள்ளிக்கூடத்துலேருந்து அப்படியே தூக்கிட்டு வந்திருக்காங்க. யூனிஃபார்மைக்கூட மாத்தல.”

அவர் தலையை ஆட்டினார். மவுஸை நாலாம் நம்பர் கட்டத்துக்கு நகர்த்தினார். அழுத்தினார். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மாடியில் துப்புரவு வண்டி உருளும் சத்தம் கேட்டது.

“அப்பாடா! இதுக்குப் போய் இவ்வளவு நேரம்...” என்றபடி அக்கா கீழே ஓடத் திரும்பினாள்.

மேஜைமேல் கிடந்த அவருடைய போன் ‘டிங்’ என்று ஒலித்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கப் போனவளின் கண்ணில் அந்தச் செய்தி பட்டது.

‘நான்காம் எண் படுக்கையில் இருந்த தங்கள் மனைவியின் உடைமைகளைப் பெற்றுக்கொள்ளவும். எங்கள் ஆழ்ந்த இரங்கல்.’

அக்கா போனை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நான் எழுதினதுதான் அக்கா,” என்றார் அவர். “படிக்கிறவங்க மனசு நோகாம இருக்கான்னு அவகிட்டத்தான் முதல்ல படிச்சுக் காட்டினேன்.”