எதில் பாதி?

மழைக்காலம் வந்தாலே அந்தப் பண்ணையின் இருநூறு கோழிகளுக்கும் கழுத்துவீக்க நோயை நினைத்துக் கிலி பிடித்துவிடும். ஒருநாள் கொக்கு வைத்தியர் வேலியோரம் வந்து நின்று, "இந்த இலையைத் தின்னா சாகுற ஆபத்து பாதியா குறைஞ்சிடும். நானே சோதிச்சுப் பார்த்தேன்" என்றார்.

கோழிகள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. செவலைக் கோழியும் தின்றது. மறுநாளே எல்லோருக்கும் வயிற்றைப் புரட்டியது. முட்டையும் நின்றுபோனது. இந்த முறையாவது அடைகாத்துக் குஞ்சுகளோடு திரியலாம் என்றிருந்த செவலைக்கு மனசு ஆறவில்லை. நேரே கொக்கிடம் போனது.

"பாதின்னு சொன்னீங்களே ஐயா, எதுல பாதி?"

"போன வருஷம் வேற பண்ணைங்கள்ல சோதிச்சப்போ, இலை தின்னாத இருநூறு பேர்ல ரெண்டு பேர் செத்தாங்க. தின்ன இருநூறு பேர்ல ஒருத்திதான் செத்தா. பாதிதானே?"

"அப்போ மத்த எல்லாருக்கும்?"

"வெறும் வயித்துப் புரட்டல்தான்" என்று கொக்கு காலை மாற்றி நின்றுகொண்டார்.

மழை ஓய்ந்தது. ஒரு கோழிதான் செத்திருந்தது. பண்ணையே கொக்கைச் சூழ்ந்துகொண்டது.

"இலை மட்டும் இல்லேன்னா நான் போயிருப்பேன்" என்று கண்கலங்கியது கருப்பி. பக்கத்தில் நின்ற புள்ளிக் கோழியும் அதையே சொன்னது. அதற்கடுத்ததும் அதையேதான் சொன்னது.

இருநூறு பேரில் இலையால் பிழைத்தது ஒருத்திதான் என்ற உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று செவலை அலகைத் திறந்தது. 'பிழைத்த அந்த ஒருத்தி ஒருவேளை நானாக இருந்தால்?'

அலகை மூடிக்கொண்டு, அடுத்த மழைக்கான இலையைக் கொத்தியது.