ஐந்தாவது ஊசி

சூப் ஆறி ஏடு கட்டிவிட்டது. எக்பர்ட் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒரு பழைய பொம்மை ரயில் தண்டவாளத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பிடித்துப் பிடித்து அவர் மனைவி ரோஸ்விதாவுக்குக் கை கடுத்தது.

"கம்பெனி பேரே இல்ல. ஆனா தண்டவாளத்தை இணைக்கிற ஊசியைப் பாரு. சாம்பல் பூச்சு! பொம்மைக்குப் பேர்போன நம்ம நியூரம்பர்க்ல எவனும் இப்படிச் செஞ்சதில்ல."

"சரி, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? இது யாருக்குமே தெரியாத தயாரிப்பாளர்டி! நாளைக்குப் பொம்மை ரயில் சேகரிக்கிறவங்க சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்."

"சொல்லித்தான் ஆகணுமா? சிரிக்கப் போறாங்க."

"வயித்தெரிச்சல் படப் போறாங்கன்னு சொல்லு. இதைச் செஞ்சது யாருன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடுவேன்."

"கால்ல எல்லாம் விழ வேண்டாம். பாத்திரத்தைக் கழுவினாப் போதும்."

அவர் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். ரோஸ்விதா அலுப்புடன் சாய்ந்து, பாதியில் நிற்கும் காலுறையைக் கையில் எடுத்தாள். காலுறை பின்ன ஐந்து ஊசி வேண்டும். அவளோ வருஷக்கணக்காக நாலு சாம்பல் ஊசிகளை வைத்தே ஒப்பேற்றுகிறாள். மகன் சிறுவனாக இருந்தபோது, இணைப்பு ஊசிகளைத் தொலைத்துவிட்டு அப்பாவுக்குப் பயந்து அழுதான். அன்றைக்கு ஐந்தாவது ஊசியைக் குறட்டால் துண்டு துண்டாக வெட்டித் தண்டவாளத்தில் செருகியது அவள்தான்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பழைய சாமான் சந்தையில இதை வித்த ஆள்கிட்ட இதே மாதிரி இன்னும் ரெண்டு பெட்டி இருந்துச்சு. சனிக்கிழமை போய் அள்ளிட்டு வந்துடறேன்!"

பரணில் இடமில்லை என்று போன மாதம், அவருக்குத் தெரியாமல் ரோஸ்விதா அந்த ஆளிடம் தள்ளிவிட்டது மொத்தம் மூன்று பெட்டி.