இரண்டு கறுப்பு டிஸ்குகள்

ரூஜ் பகுதியிலுள்ள வீட்டின் பேஸ்மென்ட் ஜன்னலைப் பாதிக்குமேல் பனி மூடியிருக்கிறது. மிச்ச இடைவெளியால் வரும் பிற்பகல் வெளிச்சம் மேசைமேல் சாம்பலாய்க் கிடக்கிறது. அதில் உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கணினி, அதன் இரு பக்கமும் அச்சு அசலாய் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஹார்ட் டிஸ்குகள். ஒன்று, போன மாதம் செத்துப்போன மகள் நிரோஜினியுடையது. அவளுடைய படங்கள் முழுக்க அதில்தான். மற்றது நேற்று வாங்கிய வெறும் டிஸ்க். ஒன்றில் உள்ளதை மற்றதிலும் அப்படியே பிரதி எடுத்து வைக்கத்தான் தவநேசன் காலையிலிருந்து இதை இணைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார். பிரதி முடிந்துவிட்டதாகத் திரை சொல்கிறது. பச்சை விளக்கு அசையாமல் எரிகிறது. அவர் மகளின் டிஸ்கைத் திறக்கிறார்; ஒன்றுமில்லை. மற்றதைத் திறக்கிறார், அதிலும் ஒன்றுமில்லை. எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்ட இடத்தில், வெறும் டிஸ்கிலிருந்து மகளுடையதற்கு என்று மாற்றி அமத்திய விரல் இன்னும் மவுஸின் மேலேயே இருக்கிறது. பக்கத்தில் உடுப்புக் காயவைக்கும் டிரையர் உருள்கிறது. உள்ளே ஏதோ ஒரு பொத்தான் தகரத்தில் தட்டித் தட்டிச் சுற்றுகிறது. மனைவி தயாவதி போனைக் காதில் வைத்தபடி படியில் இறங்கி வந்து அவரிடம் கேட்கிறாள்.

"முடிஞ்சுதே அப்பா?"

"ஓம்."

"இனி ஒண்டு பழுதாப்போனாலும் மற்றதில இருக்கும், என்ன?"

நேற்று அவர் சொன்ன அதே வார்த்தைகள். அவர் தலையாட்டுகிறார். அவள் போனில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுப் புத்தகம் அச்சடிப்பவரிடம் சொல்கிறாள்:

"இப்ப அனுப்புறம் அண்ணை. பிள்ளை சிரிக்கிற படமா இவர் பாத்து எடுக்கிறார்."