சீசருக்கு ஒரு ஆமென்

சகாயசெல்விக்குச் சிதம்பரத்தில் மூன்று நாள் எம்.ஏ. தேர்வு. போன முறை சித்தப்பாவை நம்பி விட்டுப்போன நாய், எலும்பும் தோலுமாகக் கிடந்தது. "ஒண்ணு நாய வெச்சிக்க, இல்ல படிப்ப வெச்சிக்க" என்றார் அவர். "ரெண்டையும் வெச்சிப்பேன், ஒங்கள விட்டுடறேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

இந்த முறை முதுநகர் வீட்டைப் பூட்டி, சீசரை வாசலில் கட்டி, எதிர்வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த திலகவதியிடம் அரிசியும் கருவாடும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

முதல் தேர்வு முடிந்தபோதுதான் சொல்ல மறந்தது உறைத்தது. அது அப்பா பழக்கிய நாய். அவர் இருமி இருமிச் செத்து இரண்டு வருஷமாகியும், யாராவது ‘ஆமென்’ சொன்னால்தான் சோற்றில் வாய்வைக்கும். டெலிபோன் பூத்துக்கு ஓடினாள்.

"அக்கா, சீசர் சாப்புட்டுச்சா?"

"மொதல்ல தொடவே இல்ல. உள்ளேருந்து உங்க வீட்டுப் பெரியவரு ‘ஆமென்’னாரு, தட்டையே நக்கிடுச்சி. வீட்ல ஆள வெச்சிட்டு என்னை எதுக்குடி கூப்புட்ட?"

வீட்டுச் சாவி அவள் கையில் இருந்தது.

"இருமறாரா?"

"ஜாஸ்தியா இருமறாரு."

இன்னும் இரண்டு தேர்வு இருந்தது. சாவியைப் பைக்குள் போட்டாள்.

"அக்கா, நாளையிலேருந்து ரெண்டு தட்டா வையுங்க."