நானூற்றுப் பன்னிரண்டு கற்கள்

கட்டடக் கலை வரலாற்றில் இனி இரண்டே காலங்கள்தான்: இந்த இசை அரங்கத்துக்கு முன், இந்த இசை அரங்கத்துக்குப் பின். இப்படி அறிவித்தவர் அதை வடிவமைத்த ஆர்க்கிடெக்டேதான். வேறு யாருக்கும் அதுவரை அது தோன்றியிருக்கவில்லை.

நகரத்தின் பழைய கடைவீதி நடுவே, பாழடைந்த தானியக் கிடங்கு இருந்த இடத்தில் அரங்கம் வரப்போகிறது. முகப்பு முழுக்க ஒரே கண்ணாடிச் சுவர். வரைபடத்தைப் பார்த்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புக் குழுவின் தலைவி மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உள்ள என்ன வேணா கட்டிக்குங்க. கிடங்கோட கல் முகப்பு மட்டும் இருந்த மாதிரியே திரும்ப நிக்கணும். கல்லுக்குக் கல்."

முகப்பைப் பிரித்து அடுக்கினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கற்கள். எது எங்கே இருந்தது என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பால் எண் போடச் சொன்னார் ஆர்க்கிடெக்ட். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டே போட்டார்.

அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க ஆர்க்கிடெக்டுக்கு வயிறு எரிந்தது. பிறகு மூளை வேலை செய்தது. எண் இருந்தால்தானே சுவர்?

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. காவலாளியைப் பகல் காட்சி சினிமாவுக்கு அனுப்பிவிட்டு, ரப்பர் குழாயும் தேய்க்கும் பிரஷுமாக உட்கார்ந்தார். வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவியறியாத மனிதர். வெயில் சாய்வதற்குள் ஓர் எண்கூட மிச்சமில்லை. இடுப்புதான் கழன்றுவிட்டது.

"எங்க போய் விழுந்தீங்க?" மனைவி தைலம் தேய்த்துவிட்டாள்.

"கலைக்காகக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்."

"அது வந்து இடுப்புல ஏறி மிதிச்சுதாக்கும்."

மறுநாள் போலீசில் புகார் கொடுத்தவரும் அவர்தான். 'விஷமிகள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். ஆர்க்கிடெக்ட் துக்க வீட்டுக் குரலில் பேசினார்.

"எந்தக் கல்லு எங்க இருந்ததுன்னு இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும். கண்ணாடிச் சுவரை விட்டா வேற வழியில்லை மேடம். எனக்கே மனசு கேட்கல."

தலைவி பெருமூச்சு விட்டு, அனுமதித் தாளை இழுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

கடைசி நாற்காலியில் மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"நம்பர் சார் கேட்டாரேன்னு போட்டது மேடம். ஒரு மழை பெஞ்சா போயிடும், அதை யாரு நம்புவா? பிரிக்கும்போதே ஒவ்வொரு கல்லுக்கு அடியிலயும் எங்க ஆளுங்க உளியால குறி வெட்டிட்டாங்க. வெளியாளு பாத்தா வெறும் கீறல்னுதான் நினைப்பான். அதை வச்சுத்தான் எப்பவும் கட்டுவோம்."

பேனா நின்றது. "அப்ப நஷ்டம் ஒண்ணும் இல்லையா?"

"நஷ்டமா? அழுக்கோட வச்சா சாந்து பிடிக்காது மேடம். மொத்தக் கல்லையும் தேய்ச்சுக் கழுவணும், ரெண்டு நாள் வேலை. எந்தப் புண்ணியவானோ வந்து முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான். மூலை முடுக்கெல்லாம் விடாம கழுவியிருக்கான்."

ஆர்க்கிடெக்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

கல் முகப்பு, குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே எழுந்து நின்றது.