ஓரக் கார்பன்

விடைத்தாள் நகலை என் மேசைமேல் விரித்து வைத்துவிட்டு அந்த அம்மா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தையல் ஆலையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நேரே எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்திருக்கிறார்.

பின்னால் மகள் நின்றாள். வகுப்பில் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். வைத்த புண்ணியவதி நான்தான்.

மருந்தியல் கல்லூரி இடம் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறிவிட்டது. மறுகூட்டல் விண்ணப்பத்தில் வேதியியல் ஆசிரியையின் கையெழுத்து வேண்டும். இன்று மாலையோடு கெடு முடிகிறது.

கூட்டினதில் எங்கேயாவது ஒன்று விட்டுப்போயிருக்கும், பாருங்கள் மிஸ் என்றார் அந்த அம்மா.

பார்த்தேன். கூட்டலில் தப்பில்லை. பதிலீட்டு வினைகள் நான்குக்கும் முழு மதிப்பெண். சேர்க்கை வினையில் ஒரே ஒரு கேள்வி போயிருந்தது. இரண்டு மதிப்பெண்.

ப்ரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்கிறது. அம்புக்குறிக்கு மேலே பெராக்சைடு என்று போட்டிருக்கிறது. விளைபொருள் என்ன?

மூன்று கார்பன் வரிசையாக நிற்கின்றன. புரோமின் நடுவில் போய் உட்காருமா, ஓரத்திலா? அவ்வளவுதான் கேள்வி.

முதலில் ஓரத்தில் போட்டிருக்கிறாள். சுற்றிக் கட்டம் வேறு கட்டியிருக்கிறாள். அதுதான் சரி.

அப்புறம் அதை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, கீழே நடுக் கார்பனில் போட்டிருக்கிறாள்.

கோடு போட்டது அவள் கை. போடவைத்தது என் வாய்.

தேர்வுக்கு முந்தைய வாரம், திருப்புதல் வகுப்பு. சொந்தக்காரர்கள் நிறைய இருக்கிற வீட்டுக்குத்தான் இன்னும் ஒரு சொந்தக்காரன் வந்து சேருவான், அதுபோல ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே இன்னொரு ஹைட்ரஜனும் போகும் என்று என் பழைய நகைச்சுவையை எடுத்துவிட்டேன். ஹைட்ரஜன் குளோரைடை வைத்துப் பலகையில் போட்டுக் காட்டினேன். பெராக்சைடு சேர்த்தாலும் ஒன்றும் மாறாது, குளோரின் நடுவில்தான் என்றேன். குளோரைடுக்கு அது சரிதான்.

சந்தேகம் எழுந்தாள். புரோமைடு என்றால் மட்டும் ஓரத்துக்குப் போகும் என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறதே மிஸ் என்றாள்.

மணியடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. காலையிலிருந்து நான்காவது வகுப்பு, தலை விண்விண் என்று தெறித்தது. எல்லாவற்றுக்கும் அதேதான், எனக்கே பாடம் எடுக்கிறாயா, உட்காரடி என்றேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன்.

அவள் உட்கார்ந்து, நோட்டில் எழுதியிருந்ததை அடித்தாள். ஸ்கேல் வைத்துத்தான் அடித்தாள்.

இப்போது அதே கோடு, மேசைமேல், என் கைக்கடியில். ஒரு மதிப்பெண்ணுக்காக அந்தப் பிள்ளை நிற்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே இரண்டு வாங்கியிருப்பாள்.

அடித்திருப்பதை அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். மகள் பக்கம் திரும்பினார்.

"மிஸ் சொல்லிக்குடுத்தபடி எழுதுடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே! எல்லாத்துலயும் உனக்குச் சொந்தப் புத்தி. இப்ப அனுபவி!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ பிறாண்டியது. வாயைத் திறக்கவும் திறந்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸ் சரியாத்தாம்மா சொன்னாங்க. நான்தான் அவசரத்துல மாத்திட்டேன்."

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக ஊருக்கு உபதேசம் செய்கிற வாய், வேண்டிய நேரத்தில் உதவவில்லை.

மறுகூட்டலில் ஒன்றும் தேறாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா விண்ணப்பத்தை இரண்டு கையாலும் வாங்கி, நீங்க நல்லா இருக்கணும் மிஸ் என்றார். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

இருவரும் வெளியே போனார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

நான் கைப்பேசியை எடுத்தேன். வகுப்புக் குழுவைத் திறந்தேன். தேர்வு முடிந்ததிலிருந்து யாரும் எட்டிப்பார்க்காத குழு. கீழே, எழுதுகிற கட்டத்தில், அந்தத் திருப்புதல் வகுப்பன்று இரவு நான் தட்டச்சு செய்து அனுப்பாமல் விட்டது அப்படியே கிடந்தது. அழிக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அனுப்பினேன்.

'பிள்ளைங்களா, இன்னிக்கு வகுப்புல நான் சொன்னது தப்பு. புரோமைடோட பெராக்சைடு வந்தா ஓரக் கார்பன்தான். சந்தேகம் சொன்னதுதான் சரி. பரீட்சைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு, எல்லாரும் மாத்திப் படிச்சுக்கோங்க.'

படியிலிருந்து ஒரு கைப்பேசி ஒலித்தது.

செருப்புச் சத்தம் ஒன்று நின்றது. இன்னொன்று கொஞ்சம் இறங்கிவிட்டு, அதுவும் நின்றது.