பத்து அடி

தொற்றுக்காலத்தில் பிசியோதெரபிஸ்டின் நோயாளிகள் எல்லாரும் கைப்பேசித் திரைக்குள் போய்விட்டார்கள். தொட்டுத் தூக்கிவிட்டே பழகிய அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அன்றைய கடைசி அழைப்பு, இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு.

"வணக்கம் டாக்டரம்மா!" என்றார் அவர். கைப்பேசியை வாக்கரின் கம்பியிலேயே கட்டியிருந்தார்.

"கிண்டலெல்லாம் அப்புறம். சாப்பிட்டீங்களா?"

"ஒண்டி ஆளுக்கு என்ன சாப்பாடு? ஏதோ ஒப்பேத்துறேன்."

"நேத்து நாலு அடி வச்சீங்க. இன்னைக்கு ஆறு போதும்."

"பத்து வைக்கிறேன்."

"அவசரப்படாதீங்க. முதல்ல வாக்கர், அப்புறம் வலி இருக்கிற கால்."

ஆறாவது அடியில் அவர் முகம் வியர்த்துவிட்டது. "போதும், உக்காருங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது அடியில் வாக்கரை ஊன்றிய சத்தம் அவளுக்கு இரண்டு முறை கேட்டது. முதலில் அவளுடைய அறைக் கதவுக்கு வெளியே, பிறகு கைப்பேசியில்.

"வந்துட்டேன்" என்றார் அவள் கணவர். "கதவைத் திறயேன். ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்துட்டுப் போயிடறேன்."

அவள் எழுந்து கதவு வரை போய்விட்டாள். இருமல் வந்தது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குத் தொற்று இன்னும் போகலைங்க. இன்னும் அஞ்சு நாள் இருக்கு." குரலைச் சரிசெய்துகொண்டாள். "கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, மெதுவாத் திரும்பி நடங்க. அதுவும் பயிற்சிதான்."